அலாரம் கேட்ட பேர்

ஆடி 4, ஞாயிறு

குணசேகரன் பெங்களூருக்குக் கிளம்பிப் போய்விட்டான். இரண்டு நாளாக வீட்டில் ஒரே தூசி. ஆள் வைத்துச் சுவரெல்லாம் துளை போட்டு, அலாரம் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பின் தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டில் திருடன் புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போன சேதி எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. எப்படியோ என்ன, பங்கஜவல்லிதான் சொல்லியிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி, என் நாத்தனார். இந்தத் தெருவில் பூனை குட்டி போட்டாலும் பெங்களூருக்குச் சேதி போவது அவள் வழியாகத்தான்.

மாட்டிய விவரத்தை எழுதிவைக்கிறேன். பின்னால் யாராவது, கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லக் கூடாது. வாசல் கதவிலும் கொல்லைக் கதவிலும் காந்தம். ஹாலில் ஆள் நடந்தால் கண்டுபிடிக்கும் ஒரு கண். சாமி அலமாரிக்கு நேர் மேலே, புகை வந்தால் கத்தும் வட்டு. இவை எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி சென்னைக்குச் சொல்லும். அங்கே கண்காணிப்பு மையம் என்று ஒன்று. எந்த வீடு, எந்தக் கதவு, திருடனா தீயா என்று எல்லாம் நம்பராகப் போய் அவர்கள் திரையில் விழுமாம். உடனே வீட்டுக்குப் போன் வரும். ரகசிய வார்த்தையைச் சொன்னால் வீட்டு ஆள்தான் என்று விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் குணாவைக் கூப்பிடுவார்கள். அதற்கும் மேலே போனால் போலீஸ்.

கதவைத் திறந்ததும் சுவரில் உள்ள பட்டன் பலகையில் நம்பர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். ஒன்றாம் ஆள் நான், இரண்டாம் ஆள் குணா.

ரகசிய வார்த்தை என்ன வைக்கலாம் என்று மாட்ட வந்தவர் கேட்டார். மருமகள் ஹேமா போனில் இருந்தபடியே, "மாமா பேரையே வைங்க. அத்தை எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாங்க" என்றாள். குணா தலையாட்டினான். நான் அந்தப் பேரைச் சொல்வதில்லை என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நானாகவா எடுத்துச் சொல்வேன்? சொல்லவில்லை.

போகும்போது ஃபிரிட்ஜ் மேல் பளபளவென்று ஒரு காகிதத்தை வைத்துவிட்டுப் போனான். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கான குடியிருப்பாம். முதியோர் இல்லம் என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். "சும்மா பாத்து வைம்மா" என்றான்.

பார்த்தேன். படத்தில் ஒரு கிழவரும் கிழவியும் பந்து விளையாடுகிறார்கள்.

ஆடி 5, திங்கள்

போனாலும் கூவுகிறது, வந்தாலும் கூவுகிறது. மாமியார் போன பிறகு இந்த வீட்டில் இந்த வேலையை யாரும் செய்யவில்லை.

ஆடி 9, வெள்ளி

இன்று மானம் போனது.

தலைக்குக் குளித்து, தணலில் சாம்பிராணி போட்டு, வழக்கம்போல வீடு பூராவும் காட்டிக்கொண்டு வந்தேன். சாமி அலமாரி முன் நின்றதும் வட்டு கத்த ஆரம்பித்தது. அதைக் கேட்டு வெளியே இருக்கும் சைரனும் கத்தியது. தூபக்காலைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது.

"வணக்கம்மா, கண்காணிப்பு மையத்திலேருந்து மெர்லின் பேசறேன். உங்க வீட்ல புகைன்னு சிக்னல் வந்திருக்கு. எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?"

"எல்லாரும் என்ன, நான் ஒருத்திதான். சாம்பிராணிம்மா. வெள்ளிக்கிழமை."

அந்தப் பெண் சிரித்தது காதில் விழுந்தது. "சரிம்மா. பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடுங்க, நான் குளோஸ் பண்ணிடறேன்."

தூபக்காலைக் கீழே வைத்தேன்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? பாஸ்வேர்டு?"

"அதான் சொன்னேனே, சாம்பிராணின்னு."

"அது பாஸ்வேர்டு இல்லம்மா. உங்க வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை குடுத்திருக்காங்க. அதைச் சொன்னாத்தான் நான் விடலாம்."

சைரன் ஒரு பக்கம். வாசலில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஞாபகம் இல்ல."

"பரவால்லம்மா, பதட்டப்படாதீங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் குணாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் வார்த்தையைச் சொல்லிச் சைரனை நிறுத்தவைத்தான், கையோடு பங்கஜவல்லிக்கும் போன் போட்டிருக்கிறான். அவள் இடுப்பு வலி எல்லாம் எங்கே போனதோ, ஒரே எட்டில் வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் பேருகூடவா மறந்துபோச்சு?"

"உன் பேரு மறக்கலயே, அதுதான் எனக்கு வருத்தம்" என்றேன்.

ஆடி 10, சனி

குணா பேசினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். டாக்டர் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"பேரு சொல்லக் கூடாதுங்கற பழக்கம்னா, அதைச் சொல்லியிருக்கலாம்லம்மா. ஞாபகம் இல்லன்னு ஏன் சொன்ன? ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதி எனக்கு வந்திருக்கு."

"ஏதோ வாயில வந்துச்சு."

"இப்படித்தாம்மா ஆரம்பிக்கும். தெரிஞ்ச ஒருத்தரைக் கேட்டேன், அதையேதான் சொன்னார். இன்னொரு தடவ இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தா நான் யோசிக்க மாட்டேன். உன்னைத் தனியா விடறதில்ல. கோயம்புத்தூர்ல சொல்லிவெச்சிருக்கேன்."

எனக்கா மறதி? இவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், அவளுடைய மாமியார் என்னைப் பார்த்து என்ன முணுமுணுத்தாள் எல்லாம் இந்த நிமிஷம் சொல்வேன். பங்கஜவல்லி தன் வளைகாப்புக்கு என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தாள். பாயசம் தீர்ந்துவிட்டது என்றாள். உள்ளே அண்டாவில் இருந்தது. பார்த்தேன்.

வாழ்க்கையில் ஒரு தடவை மறந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அதைப் போய் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஆடி 13, செவ்வாய்

மாட்டியவரையே வரச்சொல்லி, புகை வட்டைச் சமையலறைப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னேன். "சாமி ரூம்ல சாம்பிராணி போடுவாங்கன்னு எனக்குத் தோணாம போச்சும்மா" என்றார். அவர் வீட்டில் ஊதுபத்திதானாம்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தெருப் பெண்களோடு வேனில் அம்மா மண்டபத்துக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் நிறைய. கூட்டம் அதைவிட நிறைய. புது மஞ்சள் கயிறு எனக்குக் கிடையாது என்றாலும் காதோலை கருகமணி விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நம்பரை அடித்து உள்ளே நுழைந்ததும் ஏதோ மாற்றம் தெரிந்தது. ஹாலில் நாற்காலி சுவரோடு ஒட்டிக்கிடந்தது. நான் அப்படிப் போடுவதில்லை, சுவரில் எண்ணெய் படும். மாடிக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் முழுசாக ஏறியிருந்தது. அது கடைசி வரை சுலபமாக ஏறாது என்பதால் நான் பாதியோடு விடுவேன். சாமி அலமாரிக்கு முன்னால் செருப்புத் தடம். ஒரே ஆளின் தடம் இல்லை.

ஒரு சாமானும் போகவில்லை. திருடன் என்றால் அலாரம் அடித்திருக்க வேண்டும். அடித்திருந்தால் மெர்லின் கூப்பிட்டிருப்பாள்.

பங்கஜவல்லிதான். வேறு யார்?

ஆடி 19, திங்கள்

மதில் மேல் கையை ஊன்றி நேராகவே கேட்டேன்.

"ஏண்டி பங்கஜம், நான் இல்லாதப்ப என் வீட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"ஆமா, உங்க வீட்டுல தங்கக் கட்டி இருக்கு, எடுக்க வந்தேன். போங்க அண்ணி! கார்ல வந்தவங்களக் கேளுங்க. புருசன் பொண்டாட்டி மாதிரி ரெண்டு பேரு, கூட ஒரு வெள்ளைச் சட்டை. சாவி போட்டுத் தொறந்துதான் போனாங்க. நீங்கதான் சாவி குடுத்திருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

"நான் எதுக்குடி குடுக்கறேன்?"

"அப்ப உங்க புள்ளயக் கேளுங்க."

சொல்லிவிட்டு, நனைந்த துணியை என் முகத்துக்கு நேராக ஒரு உதறு உதறினாள். இவள் வாயில் என்றைக்கு உண்மை வந்திருக்கிறது? என் பிள்ளையைப் பற்றி இவள் என்ன சொல்வது?

குணாவுக்கு இன்று போன் பண்ணவில்லை. அவனுக்கு வேலை இருக்கும்.

ஆடி 20, செவ்வாய்

கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி. துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி எல்லாவற்றையும் கருக்கினேன். அவ்வளவு புகைக்கும் சென்னையிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஆடி 24, சனி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மெர்லின் கூப்பிட்டாள்.

"சும்மா விசாரிக்கத்தாம்மா. இன்டர்நெட் லைன் போயிருக்கு போல. உங்க பெட்டி சிம் வழியாத்தான் எங்களுக்குத் தகவல் அனுப்புது. கரண்ட் இல்லாட்டியும் உள்ள பேட்டரி இருக்கு, பயப்படாதீங்க."

"ஒண்ணும் நடக்காதப்ப அது என்னத்தத் தகவல் அனுப்புது?"

"தினமும் ஒரு தடவ, நான் நல்லா இருக்கேன்னு சொல்லும்மா. அது வரலேன்னாத்தான் எங்களுக்குக் கவலை."

அந்தப் பெட்டிக்கு இருக்கிற அறிவு நான் பெற்றதுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுகிறான்.

மெர்லின் நாகர்கோவில் பக்கத்துப் பெண்ணாம். அவள் அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறாளாம். அலாரம் உண்டா என்றேன். "நாய் இருக்கும்மா" என்றாள். கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம்தான் கேட்டேன்.

"ஏம்மா, கதவைத் தொறந்தா அடிக்கறதுதானே இது? அடிக்காமயே யாராவது தொறக்க முடியுமா?"

"நம்பர் தெரிஞ்சவங்க தொறந்தா அடிக்காது. ஆனா யாரு தொறந்தாங்க, எப்ப மூடினாங்கன்னு அதுவும் பதிவாகும்."

"பெருக்கு அன்னிக்கு யாரு தொறந்தா?"

கொஞ்சம் தயங்கினாள். "நான் அதைச் சொல்லணும்னா பாஸ்வேர்டு கேக்கணும்மா." அவளுக்கே சங்கடம். அப்புறம், "உங்க வீட்டு பட்டன் பலகையிலயே பாக்கலாமே. அதுக்கு ஒண்ணாம் ஆளு நீங்கதானே" என்று, எதை அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்த அம்புக்குறியில் பின்னால் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

அழுத்தினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எதற்கு? தேதியும் நம்பரும் தெரிந்தால் போதும். நான் மூடிவிட்டுப் போனது இருந்தது, ஒன்று. நான் வந்து திறந்தது இருந்தது, ஒன்று. நடுவில் ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூடியிருக்கிறது. இரண்டிலும் மூன்று.

இரண்டாம் ஆள் குணா. மூன்றாம் ஆள் என்று யாரையும் நான் சேர்க்கவில்லை.

"மூணாம் ஆளுன்னு ஒருத்தரை யாரு சேத்திருக்க முடியும்?"

"ஒண்ணாம் ஆளோ, இல்ல போன்ல ஆப் வெச்சிருக்கற சாரோ சேக்கலாம்மா."

சரி என்று வைத்துவிட்டேன். குணாவுக்கு வேலை அதிகம். ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாருக்காவது கொடுத்திருப்பான். நல்லதுக்குத்தான் இருக்கும்.

இரண்டு தடவை அரிசி களைந்தேன். முதல் தடவை களைந்ததை அப்படியே வாளியில் கொட்டியிருக்கிறேன்.

ஆவணி 2, திங்கள்

மழை. வெளியே போகவில்லை. ஒன்றை எழுதிவைக்கிறேன்.

லால்குடியில் ஒரு வீடு இருந்தது. என் அம்மா எனக்கென்று எழுதிவைத்த வீடு. குணா கைப்பிள்ளையாக இருந்தபோது அவர், இவன் அப்பா, ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டும், கையெழுத்துப் போடு என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவள். படித்துப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். புருஷன் கொடுக்கிற காகிதத்தை யார் படிக்கிறார்கள்? போட்டேன். அடுத்த பொங்கலுக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். முன்பின் தெரியாத ஒருத்தி கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்றாள். அவள் மேல் தப்பில்லை, காசு கொடுத்து வாங்கியவள்.

கேட்டதற்கு, "உனக்காகத்தான், குழந்தைக்காகத்தான்" என்றார்.

அதுவரை வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். கூடத்திலிருந்து கூப்பிட்டால் கொல்லையிலிருந்து, "இன்னொரு தடவ கூப்பிடு" என்பார். அதை எடுத்துக்கொண்டேன். அவர் என் வீட்டை எடுத்தார், நான் அவர் பேரை எடுத்தேன். அதற்கப்புறம் "இந்தாங்க", "ஏங்க", அவ்வளவுதான். போகிற நாள் வரை.

நான் கொடுத்தது தண்டனை. ஊர், புருஷன் பேரை நாக்கால் தொடாத உத்தமி என்று மெச்சியது. பங்கஜவல்லி தன் மருமகளிடம், "எங்க அண்ணியப் பாத்துக் கத்துக்க" என்றாளாம். எனக்கு வயிறு எரியும். ஆனால் அவருக்குத் தெரியும். ஃபேக்டரியில் வெல்டிங் வேலை பார்த்து, இந்த மனையை வாங்கி, என் பேரிலேயே பதிந்து, பத்திரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன எதிர்பார்த்தார் என்று எனக்கும் தெரியும்.

"சரிங்க" என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

குணா கூப்பிட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"பிள்ளையார் சதுர்த்திக்கு இங்க வந்துடும்மா. செவ்வாக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டேன். ஒரு வாரம் இரு. பேரன் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

பேரன் கேட்கிறானாம். அவனுக்கு என்னோடு பேசத் தமிழே வராது.

"வீடு?" என்றேன்.

"வீடு எங்க போகப்போகுது? அலாரம் இருக்குல்ல."

"சரி, வர்றேன்" என்றேன்.

வைத்தவுடன் அலாரம் மாட்டியவரைக் கூப்பிட்டேன். "தம்பி, ஒரு ஆளோட நம்பரை எடுக்கணும்னா எப்படி?" என்றேன். "சார்கிட்ட..." என்று இழுத்தார். "ஒண்ணாம் ஆளு நான்" என்றேன். சொல்லிக்கொடுத்தார். உள்ளே ஆள் இருக்கும்போதே கதவுகளை மட்டும் காவல் வைப்பது எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஆவணி 9, திங்கள்

துணி மடித்துப் பெட்டியில் வைத்தேன். பங்கஜவல்லி பார்க்கட்டும் என்று வாசலில் வைத்து மடித்தேன். பார்த்தாள். சேதி போயிருக்கும்.

ஆவணி 10, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

ரயிலுக்குப் போகவில்லை. "கிளம்பிட்டேன்" என்று குணாவிடம் போனில் சொன்னேன். மூன்றாம் ஆளை எடுத்தேன். கதவுகளைக் காவல் வைத்தேன். வாசல் விளக்கு அணைத்து, ஜன்னல் எல்லாம் சாத்தி, சமையலறையில் உட்கார்ந்து நாளைய கொழுக்கட்டைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறின பிறகு கார் வந்து நின்றது. வாசல் பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறந்தது. பட்டன் பலகை கீ கீ என்றது. யாரோ நம்பர் அடித்தார்கள். ஏற்கவில்லை. மறுபடி அடித்தார்கள். "என்னங்க ஜம்பு, மறந்துட்டீங்களா?" என்று ஒரு பெண் குரல். மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே சைரன் பிய்த்துக்கொண்டது. நான் மாவுக் கையைத் துடைத்தேன். போன் அடித்தது.

"அம்மா, மெர்லின். வாசக் கதவுலேருந்து சிக்னல். நீங்க வீட்டுலதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். அடுக்களையில."

"நீங்க தொறந்ததா?"

"இல்ல. மூணு பேரு உள்ள வந்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது."

அவள் குரல் மாறியது. "பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா."

"சொல்ல மாட்டேன்."

"ஞாபகம் இல்லையாம்மா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. சொல்ல மாட்டேன்னு எழுதிக்க."

"சொல்லலேன்னா போலீஸ் அனுப்பணும்மா. உள்ள ஆள் வேற இருக்காங்கன்னு சொல்றீங்க, சாரைக் கேட்டுட்டு இருக்க முடியாது, நேரா அனுப்பிடுவேன்."

"அதுக்குத்தானே நீ இருக்கே. அனுப்பு."

ஹாலுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் பட்டன் பலகையோடு மல்லுக்கு நின்றான். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கையில் அளவு டேப், பாதி இழுத்தபடி. என்னைப் பார்த்ததும் வெள்ளைச் சட்டைக்கு முகம் செத்துவிட்டது.

"அம்மா... நீங்க பெங்களூர் போயிட்டதா சார் சொன்னாரே!"

"போகல."

"நான் ஜம்புலிங்கம்மா, வீடு மனை பாக்கறவன். பார்ட்டிக்கு இடத்தைக் காட்ட..."

"எந்த இடத்தை?"

அவன் மறுபடி பட்டன் பலகைப் பக்கம் திரும்பினான். அந்தப் பெண் கெஞ்சினாள். "இந்தச் சத்தத்தை நிறுத்த முடியாதாங்க?"

"முடியும்" என்றேன். நிறுத்தவில்லை.

பங்கஜவல்லி ஓடிவந்தாள். தெருவே வந்தது. பிறகு ஜீப் வந்தது. எஸ்.ஐ. ஒரு பெண். அவள் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். ஜம்புலிங்கம் வியர்க்க வியர்க்க, மகன்தான் சாவியும் நம்பரும் கொடுத்தார், முன்பணம்கூடப் பேசியாகிவிட்டது, அம்மா கோயம்புத்தூருக்குக் குடிபோகப்போவதாகச் சொன்னார் என்றான்.

"வீடு யாரு பேர்லம்மா இருக்கு?" என்று எஸ்.ஐ. கேட்டாள்.

"என் பேர்ல. சிந்தாமணி."

"விக்கறதா நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பி, "அப்ப யாருய்யா உன்னை உள்ள விட்டது?" என்றாள். அந்தச் சமயம் பார்த்து பங்கஜவல்லி முன்னால் வந்து, "போன தடவயும் இவந்தாங்க வந்தான், பெருக்கு அன்னிக்கு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். எங்க அண்ணி வீட்ட விக்க இவன் யாரு?" என்று கத்தினாள். இதற்காகப் பழைய பாயசத்தை மறந்துவிட மாட்டேன். ஆனால் எழுதிவைக்கிறேன்.

எஸ்.ஐ. மூவரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, சாவியை என் கையில் கொடுக்கவைத்தாள்.

அவர்கள் போன பிறகு மாவைச் சலித்து முடித்தேன்.

ஆவணி 12, வியாழன்

குணா வந்தான். நேற்றுக் கொழுக்கட்டையில் மிச்சம் இருந்ததைத் தட்டில் வைத்தேன். அவன் தொடவில்லை.

"போலீஸ் வரைக்கும் போகணுமாம்மா? பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். மறந்துட்டா மறந்துட்டேன்னு..."

"மறக்கல. உங்கப்பன் பேரும் மறக்கல, அவர் செஞ்சதும் மறக்கல. நீ இடுப்புல இருந்தப்ப நடந்தது. உனக்குத் தெரியாது."

லால்குடியைச் சொன்னேன். ரேஷன் கார்டைச் சொன்னேன். கதவைத் திறந்தவள் கட்டியிருந்த சேலையிலிருந்து, அவள் கையில் இருந்த கரண்டி வரை சொன்னேன். பேர் சொல்லாதது மரியாதை இல்லை, கோபம் என்று சொன்னேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"அப்பா அப்படியா..." என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் உனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றான்.

"அவரும் அதையேதான் சொன்னாரு. எழுத்துப் பிசகாம அதையே."

அப்புறம் அழுதான். சின்னப் பிள்ளையில் அழுகிற மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு. நான் எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேல் இருந்த காகிதத்தை எடுத்து வந்து அவன் பைக்குள் வைத்தேன்.

"பந்து விளையாடற வயசு வந்தா சொல்றேன்" என்றேன்.

ஆவணி 13, வெள்ளி

மெர்லினை நானே கூப்பிட்டேன்.

"எனக்குப் பாஸ்வேர்டு மாத்தணும்."

"மாத்தலாம்மா. ஆனா..." என்று நிறுத்தினாள். "மாத்தணும்னா பழையதை ஒரு தடவ சொல்லணும். இல்லன்னா சார் லைன்ல வந்து சொன்னாலும் போதும்."

குணா பின்னால்தான் நின்றான். கையை நீட்டினான். போனை நான் கொடுக்கவில்லை.

அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்கு அவர் பேர் பூட்டாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். குணாவை வெளியே போய் உட்காரச் சொன்னேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். சொன்னேன்.

"சரியாக் கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்றீங்களா?"

இன்னொரு தடவை. அதே சொல். அவள் அறியாமல்தான் கேட்டாள். கூடத்தில் நின்று, கொல்லை வரை கேட்கிற குரலில், மரியாதைக்கு 'ர்' போடாமல், வெறும் பேராகச் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தது.

"சரியா இருக்கும்மா. இப்ப புதுசு சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பங்கஜவல்லி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "எங்கண்ணன் பேர இப்படியா அண்ணி கத்துவீங்க?"

"அவரு கேட்டதுதான்" என்றேன்.

புது வார்த்தை என்ன என்று குணா கேட்டான். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அவன் சாவியை வாங்கிக்கொண்டேன். பட்டன் பலகையில் இரண்டாம் ஆளையும் எடுத்தேன், அவன் போனிலிருந்த ஆப்பையும் எடுக்கவைத்தேன். அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். சாயந்திரம் பஸ் ஏறிவிட்டான்.

அவன் போன பிறகு வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், சரியாக வருகிறதா என்று.

ஐப்பசி 2, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்து, "சாப்பாடு என்னம்மா?" என்று கேட்பதுதான் அவன் வழக்கம். இன்று மணி அடித்துவிட்டு நின்றான். ஹேமாவின் குரலும் பேரனின் குரலும் கேட்டன.

எண்ணெயை இறக்கி வைத்தேன். அவசரப்படவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா யாரு?"

வெளியே பேரன் ஏதோ கேட்டான். ஹேமா அவனை அடக்கினாள்.

"குணசேகரன்மா. சிந்தாமணி மகன் குணசேகரன்."

காவலை எடுத்தேன். கதவைத் திறந்தேன்.